திரையில் ஒலிக்காத ளகரம்: தமிழ்த் திரைப்படமும் முஸ்லிம்களின் பேச்சுமொழியும்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர் தாமல் என்னும் சிற்றூரைக் கடந்து போவார்கள். பெரிய ஏரியையும் அதை நம்பிய வயல்களையும் உடைய ஊர் அது. அச்சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று. பக்கத்தில் டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்த முதியவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார். வீட்டிலும் வெளியிலும் தமிழே பேசும் முஸ்லிம் குடும்பத்தவர். ‘ஏரி ரொம்பிக் கீது, கலங்கல்ல தண்ணி போவுது, இந்த வருசம் நவரைக்குக் கவலயில்ல’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மண்ணின் உழவர் எவரும் பேசும் அதே பேச்சுத்தான் அது.

கடையின் தொலைக்காட்சியில் பழைய திரைப்படமொன்றின் நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. குல்லாவும் கட்டம்போட்ட லுங்கியும் அணிந்த ஒரு ‘பாய்’ அதில் ‘நம்பள்கி’, ‘நிம்பள்கி’ என்று பேசி, அதன் பொருட்டே அடியும் வாங்கினார். தேநீர் கொண்டுவந்த இளைஞன் சிரித்தபடி முதியவரிடம், ‘நிம்பள்கி டீ ஓணுமா?’ என்றான். அதில் பகையில்லை, பழகிய கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள், முதியவரும் சிரித்தார். அவர் அருகில் நின்ற பேரன் மட்டும் சிரிக்கவில்லை. பத்து வயதிருக்கும். அவன் தொலைக்காட்சியையும் பாட்டனாரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்லிய குரலில், ‘நாம அப்படியா பேசறோம்?’ என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு முதியவர் விடை சொல்லவில்லை. விடை சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையதும் அன்று. ஒரு வட்டாரத்தின் அல்லது ஒரு சமூகத்தின் பேச்சை நடிகர் திரையில் பேசுவது என்பது என்ன? அது எப்போது கலையாகிறது, எப்போது கேலியாகிறது, எப்போது வெறும் முத்திரையாகச் சுருங்குகிறது? தமிழ்த் திரைப்படம் வேறு பல வழக்குகளுக்குத் தந்த உழைப்பை நம் வீட்டு வழக்குக்கு ஏன் தரவில்லை? இவற்றை ஆராய்வதே நோக்கம்.

பேச்சு நடிப்பின் அளவுகோல்

தமிழ்த் திரையில் வழக்குமொழி நடிப்புக்குக் குறைவில்லை. 1958இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’வில் ஜே. பி. சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக வந்து பேசிய சென்னைத் தமிழ் இன்றும் பேசப்படுகிறது. அவரோ தூத்துக்குடிக்காரர். கமல்ஹாசன் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் பாலக்காட்டுப் பிராமணச் சமையற்காரராகவும், ‘சதி லீலாவதி’ (1995) படத்தில் கொங்குநாட்டு மருத்துவராகவும், ‘தெனாலி’ (2000) படத்தில் ஈழத்துத் தமிழராகவும், ‘விருமாண்டி’ (2004) படத்தில் தென்மாவட்டத்து இளைஞராகவும், ‘பாபநாசம்’ (2015) படத்தில் நெல்லைச் சீமைக்காரராகவும் பேசினார். ஒரே நடிகர் இத்தனை வழக்குகளை நாடிச் சென்றது இந்திய அளவிலும் அரிய முயற்சி.

இவற்றை மதிப்பிட மூன்று படிகளைக் கொள்ளலாம். முதற்படி சொல். ‘ஏனுங்க’ என்றால் கோவை, ‘ஏலே’ என்றால் நெல்லை என்று பார்வையாளர் உடனே அறிந்துகொள்வர். இது எளிது. ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாம் படி ஒலி. ழகரம் தெற்கே ளகரமாகும், சென்னை, செங்கற்பட்டுப் பகுதிகளில் பாமரர் நாவில் யகரமாகும். இத்தகைய மாற்றங்கள் சொல்லுக்குச் சொல் தவறாமல் நிகழ வேண்டும். மூன்றாம் படி ஓசையின் ஏற்ற இறக்கம். எங்கே குரல் எழும், எங்கே நீளும், எங்கே வினையை விழுங்கிவிட்டு வாக்கியம் முடியும் என்பதே அது. பெரும்பாலான நடிகர் முதற்படியில் நின்றுவிடுகின்றனர். நல்லவர் இரண்டாம் படியை எட்டுகின்றனர். மூன்றாம் படி, கேட்டு வளர்ந்தவர்க்கு அல்லது நெடுநாள் கேட்டுப் பயின்றவர்க்கே வாய்க்கும்.

‘சதி லீலாவதி’யைப் பார்த்தவர் இதை உணரலாம். அதில் கமல்ஹாசனுக்கு இணையாக வருபவர் கோவை மண்ணைச் சேர்ந்த கோவை சரளா. ஒருவர் வழக்கைக் கற்றுப் பேசுகிறார், மற்றவர் வழக்கிலிருந்து பேசுகிறார். கற்றவரின் பேச்சில் நாம் திறமையை வியக்கிறோம். பிறந்தவரின் பேச்சில் பெண்ணொருத்தியின் கோபத்தையும் ஏக்கத்தையும் கேட்கிறோம். வழக்கு நமக்கு மறந்தே போகிறது. வழக்குமொழி நடிப்பின் உச்சம் அது மறக்கப்படுவதில்தான் இருக்கிறது.

நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். விமரிசகர்கள் இதை அதிகம் கவனித்ததில்லை. எந்த மனிதரும் தம் வழக்கை எல்லாரிடமும் ஒரே அளவில் பேசுவதில்லை. காயல்பட்டினத்து வணிகர் தம் உம்மாவிடம் பேசும் தமிழ் வேறு. சென்னையில் வங்கி எழுத்தரிடம் பேசும் தமிழ் வேறு. சினம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக மேலெழும். அதிகாரிமுன் அது ஒடுங்கும். இரண்டரை மணி நேரமும் ஒரே கனத்தில் வழக்குப் பேசும் பாத்திரம் எவ்வளவு துல்லியமாகப் பேசினாலும் பொய்யாகவே தோன்றும். ‘தெனாலி’யின் குறை எனக்கு இதுவாகவே படுகிறது. நாயகன் மருத்துவரிடமும் காதலியிடமும் குழந்தைகளிடமும் ஒரே பேச்சைப் பேசுகிறான். பேச்சு அவனுக்கு உடையாகிறதே தவிர உடலாகவில்லை.

2015இல் கான் திரைவிழாவில் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தை இதனோடு ஒப்பிடலாம். பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியாரின் அப்படத்தில் நாயகனாக நடித்தவர் ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி. அவர் பேசுவது அவருடைய சொந்த மொழி. நாயகியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து சென்றவர். இருவரும் ஒரே அறையில் உரையாடும்போது, பிறந்தவரின் பேச்சில் மட்டும் அந்த நான்காவது பண்பு தானாகக் கூடி நிற்கிறது. கற்றவர் மிகுந்த கவனத்தோடு பேசுகிறார். அக்கவனமே சில இடங்களில் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பேச்சு நடிப்பு எவ்வளவு கடினமானது என்பதற்குச் சான்றாகவே சொல்கிறேன்.

இங்கே நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘தெனாலி’யில் கமல்ஹாசனுக்கு ஈழத்துப் பேச்சைப் பயிற்றுவிக்க உதவியவர், அப்படத்தில் தோன்றவும் செய்த இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம். தமிழகத்தின் முன்னணி நடிகருக்குத் தமிழ் வழக்கொன்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு முஸ்லிமின் நாவு தேவைப்பட்டது. ஆயினும் அதே திரையில் முஸ்லிம் பாத்திரம் வந்தால் அதன் நாவில் தமிழே தடுமாற வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் மாறாமலிருந்தது. இந்த முரணைத் திரைத்துறையினர் எவரும் நின்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

‘நிம்பள்’ எந்த ஊர்ப் பேச்சு?

தொடக்க காலத் திரைப்படங்களில் இந்த இழிவு இல்லை. ‘குலேபகாவலி’ (1955), ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) முதலிய படங்களின் பாத்திரங்கள் முஸ்லிம் பெயர் தாங்கிச் செந்தமிழ் வசனம் பேசின. அவை கற்பனை நாட்டுக் கதைகளாகையால் அங்கே வழக்குமொழிக்கு வேலையில்லை. ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாவமன்னிப்பு’ (1961) நம் காலத்து ஊரில் நிகழும் கதை. அதில் சிவாஜி கணேசன் ரஹீமாகவும், அவரை வளர்க்கும் இஸ்மாயிலாக நாகையாவும் வந்தனர். ரஹீம் மற்றப் பாத்திரங்களைப் போலவே தமிழ் பேசினார். அது மேடைத் தமிழ்தான், எந்த முஸ்லிம் ஊரின் தமிழும் அன்று. எனினும் அதில் மரியாதை இருந்தது.

பிறகு பம்பாய்ப் படங்களின் அச்சு இங்கு வந்து சேர்ந்தது. இந்தியில் ‘ஜஞ்சீர்’ (1973) படத்தில் பிரான் ஏற்ற பட்டாணியர் பாத்திரம், தமிழில் ‘சிரித்து வாழ வேண்டும்’ (1974) படத்தில் எம். ஜி. ஆர். ஏற்ற ரஹ்மானாயிற்று. பாத்திரம் நல்லது, நாயகனே ஏற்றது. ஆனால் தமிழ்த் திரை அறிந்த முஸ்லிமின் ஊர் மாறிவிட்டது. நாகூரும் கீழக்கரையும் மேலப்பாளையமும் இருக்க, எங்கோ வடமேற்கிலிருந்து வந்தவனின் சாயல் அவனுக்கு ஏறிற்று. இந்தச் சாயலைத் துணைப் பாத்திரங்களும் நகைச்சுவைக் காட்சிகளும் பெருக்கின. கசாப்புக் கடைக்காரர், வட்டிக்கு விடுபவர், அத்தர் விற்பவர் என யார் வந்தாலும் ஒரே பேச்சு.

அந்தப் பேச்சை ஒரு முறை ஆராய்ந்து பார்ப்போம். ‘நிம்பள்’, ‘நம்பள்’ என்பன உருது அல்ல. உருதில் முன்னிலைக்குத் ‘தும்’, ‘ஆப்’ என்பனவும் தன்மைப் பன்மைக்கு ‘ஹம்’ என்பதும் வழங்கும். இவற்றிலிருந்து ‘நிம்பள்’ பிறக்க வழியில்லை. அதைவிட வேடிக்கை, அச்சொல்லின் இறுதியில் நிற்கும் ளகர மெய். உருதில் ளகரமே கிடையாது. உருதைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் தமிழ் கற்றவர் ளகரத்தை லகரமாகவும் ணகரத்தை னகரமாகவும் ஒலிப்பதே இயல்பு. ‘பள்ளி’ அவர் நாவில் ‘பல்லி’ ஆகலாம். எந்த ஒலியை அவர் சொல்ல இயலாதோ அந்த ஒலியையே அவருடைய அடையாளமாகத் திரை சூட்டியிருக்கிறது. இதே ‘நிம்பள்’ ராஜஸ்தானத்திலிருந்து வந்த சேட்டுப் பாத்திரத்துக்கும் வழங்கப்பட்டது என்பதை வாசகர் அறிவர். மார்வாரி வணிகரையும் தமிழ் முஸ்லிமையும் வேறுபடுத்தாத ஒரு பேச்சு, எந்தச் செவியும் எந்தத் தெருவிலும் கேட்டு எழுதியதாக இருக்க முடியாது. ‘இவன் நம்மவன் அல்லன்’ என்பதைச் சொல்லவே அது உண்டாக்கப்பட்டது.

உருது பேசும் நம் சகோதரர்களுக்கும் இதில் நீதி கிட்டவில்லை. ஆர்க்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, காஞ்சிபுரம், திருவல்லிக்கேணி ஆகிய ஊர்களில் வழங்கும் தக்கினி, கோல்கொண்டாவின் குலீ குதுப் ஷா கவிதை புனைந்த மொழியின் வழித்தோன்றல். இல்லை என்பதற்கு ‘நக்கோ’ என்றும், ஆம் என்பதற்கு ‘ஹௌ’ என்றும் சொல்லும் அதன் தனியழகு வட இந்தியருக்குப் புதுமை. அம்மொழியினர் பேசும் தமிழை உண்மையாகக் கேட்டு நடித்தால் அதுவும் கலைதான். கேட்காமல் நடித்ததே குற்றம்.

கேலியும் நிறமின்மையும்

1995இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘பம்பாய்’ படத்தில் இந்துத் தந்தையாக நாசரும் முஸ்லிம் தந்தையாகக் கிட்டியும் நடித்தனர். மதம் மாற்றி வேடம் தந்த அத்தேர்வு பலராலும் பாராட்டப்பட்டது. பாராட்டத்தக்கதே. ஆயினும் இரு தந்தையரையும் நமக்கு முதலில் அறிவிப்பது உடையும் தோற்றமும்தான். பேச்சு அவ்வளவாக அறிவிப்பதில்லை. ஷைலா பானுவாக வந்த மனிஷா கொய்ராலா நேபாளத்தில் பிறந்தவர், அவர் பாத்திரத்தின் தமிழ்க் குரல் வேறொருவருடையது. தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்த ஒரு முஸ்லிம் பெண் தன் வீட்டில் எப்படிப் பேசுவாள் என்ற கேள்விக்கு அப்படத்தில் விடையில்லை.

நாசரைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்தவர் அவர். ‘தேவர் மகன்’ (1992) படத்தில் மாயத்தேவராக வந்து தென்மாவட்டத்துப் பேச்சின் வன்மத்தை அவர் காட்டியவிதம் பேச்சு நடிப்புக்குப் பாடமாக வைக்கத் தக்கது. கீழக்கரையில் பிறந்த ராஜ்கிரண் உழவராகவும் ஊர்ப் பெரியவராகவும் பேசிய தமிழும் அத்தகையது. பிறர் பேச்சைத் தமதாக்கிக்கொள்ளும் ஆற்றல் நம்மவர்க்கு உண்டென்பது தெளிவு. ஆயின் நாசர் என்றதும் மாயத்தேவரின் குரல் நினைவுக்கு வருவதுபோல், அவர் பேசிய முஸ்லிம் வீட்டுத் தமிழொன்று நினைவுக்கு வருவதில்லை. அப்படியொரு பாத்திரத்தை அவர் கைக்குத் தமிழ்த் திரை தரவில்லை என்பதே பொருள்.

‘தசாவதாரம்’ (2008) இக்குறையை இன்னும் தெளிவாக்குகிறது. பத்து வேடங்களுள் பல்ராம் நாயுடு தெலுங்கு கலந்த தமிழாலும், பூவராகன் நாஞ்சில் நாட்டுத் தமிழாலும் நினைவில் நிற்கின்றனர். கலிஃபுல்லா கான் என்ற முஸ்லிம் இளைஞன் எதனால் நினைவில் நிற்கிறான்? உயரத்தால். மற்றவர்க்கு மொழி கிடைத்த இடத்தில் அவனுக்கு அளவு கிடைத்தது.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறிவருகிறது என்பதை மறுக்கவில்லை. ‘மாநாடு’ (2021) படத்தின் நாயகன் பெயர் அப்துல் காலிக். அவன் எந்த இளைஞனையும் போலப் பேசுகிறான். ‘ஃபர்ஹானா’ (2023) சென்னையில் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் கேலிக்குரிய உச்சரிப்பின்றிக் காட்டியது. ‘லால் சலாம்’ (2024) படத்தில் ரஜினிகாந்த் மொய்தீன் பாயாக வந்தார். அவர் பேச்சில் நாம் கேட்பது பெரும்பாலும் ரஜினிகாந்தையே. ‘நிம்பள்’ மறைந்து வருவது நலமே. ஆனால் அதன் இடத்தில் வந்தமர்ந்திருப்பது நிறமற்ற பொதுத்தமிழ். முன்பு நம்மை அயலாராக்கிய திரை, இப்போது நம்மை ஊரற்றவராக்குகிறது. இழிவு நீங்கியதற்கு நன்றி சொல்லலாம். அறியப்பட்டோம் என்று மகிழ இன்னும் இடமில்லை.

ஓர் எழுத்தின் வரலாறு

அறிந்திருந்தால் எதைக் கேட்டிருப்பார்கள்? ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். தமிழ் முஸ்லிம் ‘ரமளான்’ என்பார், உருது வழியினர் ‘ரம்ஜான்’ என்பர். நண்பகல் தொழுகை நமக்கு ‘ளுஹர்’, கடமை ‘ஃபர்ளு’, அங்கசுத்தி ‘ஒளு’, மார்க்க அறிஞர் ‘ஹள்ரத்’. அறபியின் ‘ளாத்’, ‘ளா’ என்னும் இரு எழுத்துகளையும் நாம் ளகரமாக்கிக்கொண்டோம். இது நாவின் பிழை என்று சிலர் நாணுகின்றனர். நாண வேண்டியதில்லை. பண்டை அறபு இலக்கண ஆசான் ஸீபவைஹி, ‘ளாத்’ எழுத்து நாவின் பக்கவாட்டில் பிறப்பது என்று வகுத்தார். அந்தப் பக்க ஒலிக்கு மிக அண்மையது நம் ளகரம். மலாய் மொழியில் ‘ஃபர்ளு’ என்பது ‘பெர்லு’ ஆகி, ‘தேவை’ என்ற பொருளில் அன்றாடச் சொல்லாக வழங்குகிறது. ஜாவா மொழியில் நண்பகல் தொழுகை ‘லுஹூர்’. கடல்வழி இஸ்லாம் சென்ற கரைகளிலெல்லாம் இந்த லகர ளகர ஒலிகள் ஒன்றோடொன்று உறவு கொண்டாடுகின்றன.

தரைவழியாக, பாரசீகத்தின் துணையோடு வந்த சொற்களில் அதே எழுத்து ஜகரமாயிற்று. நீதிமன்றத்தில் வழங்கும் ‘ஜாமீன்’, ‘ஆஜர்’ ஆகிய சொற்களில் இருப்பதும் அதே ‘ளாத்’தான். மதுரையின் ‘காஜிமார் தெரு’விலும் அதுவே ஒலிக்கிறது. ‘வசூல்’, ‘பாக்கி’, ‘வாரிசு’, ‘அசல்’, ‘மகசூல்’ என்று தமிழர் அனைவரும் நாள்தோறும் பேசும் சொற்கள் இவ்வாறு வந்தவை. எனவே முஸ்லிமின் பேச்சைத் தமிழுக்கு அயலானதாகக் காட்டும் எழுத்தாளர், தம் ரசீதிலும் பத்திரத்திலும் உள்ள சொற்களை மறந்தே அவ்வாறு செய்கிறார்.

கடலும் தரையும் ஆகிய இரு வழிகளின் வரலாறும் ஓர் எழுத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு பாத்திரம் ‘ளுஹர்’ என்கிறாரா, ‘ஜொஹர்’ என்கிறாரா என்பதைக் கேட்டே அவர் குடும்பத்தின் மொழி வரலாற்றை ஊகிக்கலாம். நான் பார்த்த படங்களில் இந்த ளகரத்தை ஒலித்த பாத்திரத்தைக் கண்டதில்லை. ‘நமாஸ்’ உண்டு, ‘தொழுகை’ அரிது. ‘மசூதி’ உண்டு, ‘பள்ளிவாசல்’ அரிது. ‘ரம்ஜான் பண்டிகை’ உண்டு, ‘நோன்புப் பெருநாள்’ அரிது. தொழுகை, நோன்பு, பள்ளி ஆகிய தூய தமிழ்ச் சொற்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவரிடமிருந்து அவற்றையே பறித்துவிட்டு, ‘இவர் தமிழர் போலப் பேசுவதில்லை’ என்று திரை காட்டுகிறது.

உறவுப்பெயர்களும் அப்படியே. கடற்கரை ஊர்களில் வாப்பா, உம்மா. உள்நாட்டு ராவுத்தர் வீடுகளில் அத்தா, அம்மா. மூத்த சகோதரி சில ஊர்களில் ராத்தா, சில ஊர்களில் லாத்தா. மூத்த சகோதரன் காயலிலும் அதிராம்பட்டினத்திலும் காக்கா, நாகூர், காரைக்கால் பக்கத்தில் நானா. உருது வீட்டில் இதே ‘நானா’ தாய்வழிப் பாட்டனார். ஒரே சொல் ஒரு வீட்டில் அண்ணனையும் மறுவீட்டில் பாட்டனையும் அழைக்கும் விந்தையை வைத்தே ஓர் இனிய நகைச்சுவைக் காட்சி அமைக்கலாம், யாரையும் இழிவுபடுத்தாமல். காலையில் ‘பசியாறுவது’, குழம்பை ‘ஆணம்’ என்பது எல்லாம் நம் புனைகதையில் உயிரோடு இருக்கின்றன. தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யில் தேங்காப்பட்டினத்துப் பேச்சை எழுத்தில் வடித்தார். ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். இலக்கியம் கேட்ட பேச்சைத் திரை கேட்கவில்லை.

யார் கற்பிப்பது?

குறை முழுவதையும் திரைத்துறையின் மேல் ஏற்றிவிட முடியாது. அத்துறையின் நடைமுறை ஒரு தடை. நடிப்பவர் ஒருவர், குரல் தருபவர் வேறொருவர் என்ற பின்னணிக் குரல் முறை வழக்குமொழிக்குப் பகை. ‘விருமாண்டி’யில் படப்பிடிப்பின்போதே குரலைப் பதிவுசெய்ததன் பயனை அதன் உரையாடல்களில் உணரலாம். வணிகம் மற்றொரு தடை. ஊர்ப்பேச்சு எல்லா மாவட்டத்தவர்க்கும் விளங்க வேண்டுமே என்ற அச்சம் இயக்குநர்க்கு இயல்பு. ஆனால் நெல்லைப் பேச்சுக்கு இந்த அச்சம் தடையாகவில்லை. ‘பாபநாச’த்துக்கு அவ்வூர்ப் பேச்சைக் கற்பிக்க எழுத்தாளர் சுகா இருந்தார். நம் பேச்சைக் கற்பிக்க யாரை அழைத்தார்கள்? அழைத்திருந்தால் நாம் யாரை அனுப்பியிருப்போம்?

மலையாளத்தில் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். மலப்புறத்தைக் களமாகக் கொண்ட ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) படத்தில் மாப்பிளா முஸ்லிம் தாய்மாராக வந்த சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுசேரியும் கோழிக்கோட்டு நாடக மேடையில் வளர்ந்தவர்கள். முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் அவ்விருவர் பேச்சில் ஓரிடத்திலும் வேடம் தெரிவதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்ட பேச்சு அது, அன்போடு கேட்ட பேச்சு. ஆகவே முஸ்லிம் பாத்திரத்தை முஸ்லிமே நடிக்க வேண்டும் என்பது என் வாதம் அன்று. நடிகர் எந்த மதத்தவர் என்பது பொருட்டில்லை, பாத்திரத்தின் மண்ணை அவர் காது கொடுத்துக் கேட்டாரா என்பதே பொருட்டு.

நம் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படித்த குடும்பங்களில் வாப்பாவும் அத்தாவும் மெல்ல மறைந்து வருகின்றன. ‘ஆணம்’ என்று சொன்னால் விருந்தினர் சிரிப்பாரோ என்று குழம்பாக்கிக்கொள்கிறோம். ‘ளுஹர்’ என்பதைப் பிழையென்று கருதித் திருத்திக்கொள்வோரும் உண்டு. வீட்டில் நாம் மூடிவைத்த பேச்சை வெளியிலிருந்து வரும் எழுத்தாளர் எங்கே கேட்பார்? அவர் காதில் விழுவது சென்ற தலைமுறைத் திரைப்படத்தின் எதிரொலிதான். அதையே மீண்டும் எழுதுகிறார். நம் கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் இலக்கிய அமைப்புகளும் ஊருக்கு ஊர் மூத்தோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். பெரிய செலவில்லை, கைப்பேசியே போதும். பாட்டியின் தாலாட்டு, மீன் விற்பவரின் பேரம், திருமண வீட்டுச் சண்டை எல்லாமே ஆவணங்கள். நாளை ஓர் இயக்குநர் அதிராம்பட்டினத்துக் கதையை எடுக்க விரும்பினால், ‘இதோ கேளுங்கள்’ என்று தருவதற்கு ஏதேனும் நம்மிடம் இருக்க வேண்டும்.

தாமலின் தேநீர்க் கடைக்குத் திரும்புகிறேன். பேரன் கேட்ட கேள்விக்கு விடை தராத முதியவர், சற்று நேரம் கழித்துத் தம் வேலைக்கு எழுந்தார். சாலையில் ஒரு லாரி பஞ்சராகி நின்றிருந்தது. ஓட்டுநர் வெளியூர்க்காரர், ‘பாய், கொஞ்சம் சீக்கிரம்’ என்றார். முதியவர் டயரைக் கழற்றியபடியே பேரனைத் திரும்பிப் பார்த்து, ‘அந்தாண்ட ஜாக்கி கீது பாரு, இட்டாந்து குடு’ என்றார். பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான். அவன் கேட்ட கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிழையின்றிப் பேசத் தெரிந்த நடிகர் என்று திரைக்கு வருவார் என்று காத்திருக்கிறேன். அதுவரை அச்சிறுவன் தன் பாட்டனின் குரலைத் தொலைக்காட்சியின் குரலைவிட அதிகமாக நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை அவனுக்குத் தருவது நம் வீடுகளின் வேலை.